விசிலா, நிமிடமா, ஹை-லோ பட்டனா: குக்கருக்கு எந்தக் கணக்கு சரி?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இப்போது பல வீடுகளில் இரண்டு குக்கர் இருக்கிறது. ஒன்று அடுப்பில் வைக்கும் பழைய அஞ்சு லிட்டர் விசில் குக்கர். இன்னொன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் பிரஷர் குக்கர். முதலாவதின் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் விசில் கிடையாது. ஹை, லோ என்று இரண்டு அழுத்தம் இருக்கும், கூடவே நிமிடத்தைக் கூட்டவும் குறைக்கவும் பட்டன் இருக்கும். உடனே வரும் கேள்வி, "துவரம்பருப்புக்கு நாலு விசில்னா, இதுல எத்தனை நிமிஷம் வைக்கணும்?"

இதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. நாலு விசில் என்பது எவ்வளவு நேரம் என்று முதலில் தெரிய வேண்டும். அது வீட்டுக்கு வீடு மாறும்.

வெயிட் போட்ட குக்கருக்குள் நடப்பது இதுதான். ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை வெயிட் ஆவியை அடக்கி வைக்கிறது. நம் ஊர் அடுப்புக் குக்கர்களில் அது ஏறத்தாழ சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. 15 பி.எஸ்.ஐ. என்று சொல்வதும் அதைத்தான். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதித்து நின்றுவிடும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் 120 டிகிரிக்குச் சற்று மேலே வரை சூடேறும். அதற்கு மேல் சேரும் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறது. நாம் கேட்கும் விசில் அதுதான். ஆகவே முழு அழுத்தம் வந்த பிறகு இரண்டு விசில் வந்தாலும் பத்து வந்தாலும் உள்ளே சூடு ஒன்றுதான். கூடுதல் விசிலால் தண்ணீரும் கேஸும் மட்டுமே குறையும்.

இரண்டு விசிலுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதைத் தீயும், குக்கரின் அளவும், உள்ளே இருக்கும் தண்ணீரும் தீர்மானிக்கின்றன. மூணு லிட்டர் குக்கரில் ஒரு டம்ளர் பருப்பைப் போட்டுப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒன்று என்று படபடவென்று அடிக்கும். அதே பருப்பை அஞ்சு லிட்டர் குக்கரில் அடுக்குப் பாத்திரத்தில் வைத்துச் சின்ன பர்னரில் சிம்மில் விட்டால் நாலைந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். சில நேரம் வரவே வராது, வெயிட் மட்டும் லேசாகச் சீறிக்கொண்டிருக்கும். உள்மூடி குக்கரும் வெளிமூடி குக்கரும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. நாலு விசில் ஒரு வீட்டில் இரண்டு நிமிடம், அடுத்த வீட்டில் கால் மணி நேரம். அம்மா சொல்லும் நாலு விசில் அம்மாவின் அடுப்பில், அம்மாவின் குக்கரில் மிகச் சரி. மகள் பெங்களூரில் புதுக் குக்கர் வாங்கி, "அம்மா, நீ சொன்ன மாதிரிதான் வெச்சேன், பருப்பு முழுசு முழுசா நிக்குது" என்று போன் செய்தால், தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. "அடுப்பைச் சிம்முல வெச்சியாடி?" என்று அம்மா கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதனால் என் முதல் தேர்வு இது: அடுப்புக் குக்கராக இருந்தாலும் விசில் எண்ணுவதை விட்டுவிட்டு நிமிடம் பார்க்கலாம். பெரிய தீயில் வைத்து, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, அங்கிருந்து போனில் டைமர். கம்பெனிகள் தரும் கையேடுகளிலும் முழு அழுத்தம் வந்த பிறகு தீயைக் குறைத்து நேரம் பார்க்கச் சொல்லித்தான் போட்டிருக்கும். இப்படி ஒருமுறை பழகிவிட்டால் குக்கர் மாறினாலும், அடுப்பு மாறினாலும், எலக்ட்ரிக்குக்குப் போனாலும் கணக்கு கூடவே வரும். சிம்மில் வைக்கும்போது வெயிட் அசையாமல் ஒரேயடியாக அடங்கிவிட்டால் தீ போதவில்லை என்று அர்த்தம். எப்போதாவது ஒரு விசிலோ, மெல்லிய சீறலோ இருந்துகொண்டே இருக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குறைந்த அளவில் வைத்தால் சில அடுப்புகள் அணைந்து அணைந்து எரியும், அழுத்தம் ஏறி இறங்கும். சீறல் நிற்காத அளவு எது என்று பார்த்து அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஹையும் லோவும்

எலக்ட்ரிக் குக்கரின் ஹை நம் அடுப்புக் குக்கரின் முழு அழுத்தத்துக்குச் சமம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் அப்படி இல்லை. ஹை என்பது 10 முதல் 12 பி.எஸ்.ஐ. வரைதான், சூடு 115 முதல் 117 டிகிரி. லோ 6, 7 பி.எஸ்.ஐ. அளவு, சூடு 110 டிகிரிக்குப் பக்கம். உங்கள் குக்கரின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் லேபிளில் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் (kPa) போட்டிருப்பார்கள். 70 என்றிருந்தால் அது 10 பி.எஸ்.ஐ. சொச்சம், 100 என்றிருந்தால் அடுப்புக் குக்கருக்கு நிகர். நேரத்தை மாற்றுவதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

நாலைந்து டிகிரியில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் சூடு 10 டிகிரி குறைந்தால் வேக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் என்பது சமையலறைக்குப் போதுமான தோராயக் கணக்கு. இதை வைத்துப் பார்த்தால், அடுப்பில் முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 10 நிமிடம் ஆவது, ஹையில் 13, 14 நிமிடம் ஆகும். லோவில் 20 நிமிடத்துக்கும் மேல் போகும்.

இந்தப் பெருக்கலை எல்லாவற்றுக்கும் அப்படியே போட்டால் சோறு குழைந்துவிடும். எலக்ட்ரிக் குக்கர் அழுத்தத்துக்கு வரவே பத்து, பதினஞ்சு நிமிடம் எடுக்கும். முடிந்த பிறகு ஆவி தானாக அடங்க இன்னொரு கால் மணி நேரம், நிறைய வைத்திருந்தால் அதற்கு மேலும். இந்த இரண்டு நேரத்திலும் உள்ளே இருப்பது வெந்துகொண்டுதான் இருக்கிறது. சோறு, பயத்தம்பருப்பு போல அஞ்சாறு நிமிடத்தில் வேகிறவற்றுக்கு ஏறி இறங்கும் நேரமே குறையை ஈடுகட்டிவிடும். அவற்றுக்கு அடுப்பு நிமிடத்தையே வைத்தால் போதும், மிஞ்சினால் ஒன்றிரண்டு கூட்டலாம். கொண்டைக்கடலை, மாப்பிள்ளைச் சம்பா போல நெடுநேரம் கேட்பவற்றுக்குத்தான் முழுக் கணக்கும் தேவைப்படும். வாங்கிய புதிதில் "சோறு குழையுது, கடலை வேகல" என்று ஒரே குக்கர்மேல் இரண்டு எதிரெதிர்ப் புகார் வருவதற்குக் காரணம் இதுதான்.

பருப்பு

நம் வீடுகளில் குக்கர் தினமும் ஏறுவது துவரம்பருப்புக்காகத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊறவைக்காத துவரம்பருப்பை ஒன்றுக்கு மூன்று தண்ணீரில், மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு, நேரடியாகக் குக்கரிலேயே வைத்தால் முதல் விசிலுக்குப் பின் சிம்மில் எட்டு முதல் பத்து நிமிடம். ஆவி தானாக அடங்க விட வேண்டும். எலக்ட்ரிக்கில் ஹை 12 நிமிடம். அரை மணி ஊறியிருந்தால் இரண்டிலும் மூணு நிமிடத்தைக் குறைத்துவிடலாம். கீழே அரிசி, மேலே பருப்பு என்று அடுக்கில் வைத்தால் மூணு, நாலு நிமிடம் கூடும். சூடு முதலில் பாத்திரத்தைத் தொட்டு, பிறகு தண்ணீரைத் தொட்டு, அதன் பிறகுதான் பருப்புக்குப் போகிறது.

பருப்பில் புளியையோ தக்காளியையோ முதலிலேயே போட்டால் எந்த அழுத்தத்திலும் லேசில் மசியாது. புளிப்பு பருப்பை இறுக்கிவிடும். தண்ணீரும் இப்படித்தான். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும். அதில் இருக்கும் கால்சியம் பருப்பை மசியவிடாது. அந்த ஊர்களில் ஹையா லோவா என்று யோசிப்பதைவிட, குழாயில் வரும் கொள்ளிடத்துக் குடிதண்ணீரில் ஒரு குடம் சமையலுக்கென்று எடுத்துவைப்பதுதான் அதிகப் பலன் தரும். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் மசியும்தான். ஆனால் அது பருப்பில் இருக்கும் பி1 சத்தை அழித்துவிடும், வாயிலும் ஒரு வழவழப்பு வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இன்னொன்று, பருப்பின் வயது. டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி வயலின் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் அது வீட்டுக்கு வரும். அந்தப் புதுப் பயறு ஊறவைக்காமலே சிம்மில் ஏழெட்டு நிமிடத்தில் பூத்துவிடும். அதே பயறு மறு வருஷம் தை மாதத்தில் டப்பாவின் அடியில் கிடந்தால், ஊறவைத்தாலும் பன்னிரண்டு நிமிடம் கேட்கும். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இந்த நாலைந்து நிமிடத்தை உங்கள் கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

பயத்தம்பருப்பு சுலபம். சிம்மில் நாலு நிமிடம், ஹையில் அஞ்சு. லோ அழுத்தம் எனக்குப் பிடித்த ஒரே இடமும் இதன் பக்கத்தில்தான் வருகிறது, இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பாவில். அதில் பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து வேக வேண்டும். பருப்பு கரைய வேண்டும், கிழங்கு துண்டாக நிற்க வேண்டும். அடுப்புக் குக்கரின் முழு அழுத்தத்தில் இரண்டும் ஒன்றாகக் கூழாகிவிடும், அதனால்தான் பலரும் தனித்தனியாக வேகவைக்கிறார்கள். எலக்ட்ரிக்கில் லோ அழுத்தத்தில் எட்டு நிமிடம், கிழங்கை இரண்டு விரல் கனத்துக்குப் பெரிதாக நறுக்கிப் போட்டால், ஒரே பாத்திரத்தில் இரண்டும் சரியாக வருகிறது. அரைத்த தேங்காய், கசகசா விழுதை மூடியைத் திறந்த பிறகு சேர்த்துக் கொதிக்கவிட்டால் போதும்.

கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டால், சுண்டலுக்கு முழுசாக வேண்டுமென்றால் சிம்மில் பத்து நிமிடம், ஹையில் பதினஞ்சு. குருமாவுக்கு நசுங்கும் பதம் வேண்டுமென்றால் சிம்மில் பதினஞ்சு, ஹையில் இருபது. கறுப்புக் கடலைக்கு இன்னும் அஞ்சு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். லோவில் கடலை வைப்பது வீண் வேலை. சிம்மில் ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கும்.

சோறு

சோற்றில் நிமிடத்தைவிடத் தண்ணீரும் அரிசியும் முக்கியம். நம் பக்கம் தினச்சோறு புழுங்கலரிசிதான். பொன்னி, ஆடுதுறை 43 போன்ற சன்ன ரகப் புழுங்கலை இருபது நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று தண்ணீர் விட்டு அடுக்கில் வைத்தால், முதல் விசிலுக்குப் பின் சிம்மில் எட்டு நிமிடம். எலக்ட்ரிக்கிலும் பாத்திரம் வைத்து ஹையில் எட்டு முதல் பத்து. பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீரும் அஞ்சு நிமிடமும் போதும். சி.ஆர். 1009 போன்ற குண்டு ரகம் இட்லிக்குத்தான் நன்றாக இருக்கும். அதைச் சோறாக்குகிற வீடுகளில் தண்ணீரையும் நேரத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

பழைய அரிசியும் புது அரிசியும் ஒன்றல்ல. ஒரு வருஷம் இருப்பு வைத்த நெல்லைக் குத்திய அரிசி மூன்று பங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உதிரியாக நிற்கும். தை மாதம் களத்திலிருந்து வந்த சம்பா அரிசியை அதே அளவில் வைத்தால் களியாகிவிடும். புது அரிசிக்கு அரை டம்ளர் தண்ணீரைக் குறைத்து, நிமிடத்திலும் இரண்டைக் குறைக்கலாம். ஆவியையும் முழுதாக அடங்க விடாமல், அஞ்சு நிமிடம் பொறுத்து வெயிட்டைக் கரண்டியால் மெல்லத் தூக்கிவிடலாம். பருப்பில் மட்டும் இந்த வேலை கூடாது, நுரை வெயிட் வழியாகப் பீய்ச்சும்.

மறுநாளைக்குப் பழைய சோறு வேண்டுமென்றால் எந்தக் குக்கரையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உலை வைத்துக் கஞ்சி வடித்த சோறுதான் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறினாலும் பருக்கை பருக்கையாக நிற்கும். குக்கர் சோற்றில் கஞ்சி உள்ளேயே தங்கிவிடுவதால் காலையில் கொழகொழவென்று இருக்கும்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி இரண்டும் தவிடு நீக்காத முரட்டு அரிசி. இவற்றில்தான் மூன்று முறைகளுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மாப்பிள்ளைச் சம்பாவை ராத்திரி ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்றரை தண்ணீரில் அடுப்புக் குக்கரில் வைத்தால் சிம்மில் இருபது நிமிடம். வெறும் விசில் கணக்கில் வைத்தால் ஆறு, எட்டு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும், அதற்குள் தண்ணீர் வற்றி அடி பிடிக்கும். ஹையில் முப்பது நிமிடம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இந்த அரிசி வாரம் மூணு நாள் சாப்பிடுகிற வீட்டுக்கு எலக்ட்ரிக்தான் என் தேர்வு. கவுனிக்கும் இதே கணக்கு, அஞ்சு நிமிடம் சேர்த்து.

வெண்பொங்கலுக்கு மட்டும் நான் அடுப்பு பக்கம். எலக்ட்ரிக்கில் நேரடியாக வைத்தால் கலவை கெட்டியாகி அடியில் ஒட்டும். உள்ளே இருக்கும் சென்சார் அடி பிடிக்கிறது என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும். தனிப் பாத்திரத்தில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பன்னிரண்டு நிமிடம் வைக்க வேண்டும். அடுப்பில் ஒன்றுக்கு நாலரை தண்ணீரில் சிம்மில் ஏழு நிமிடத்தில் முடிகிற வேலை அது. சர்க்கரைப் பொங்கலுக்கு எந்த முறையானாலும் அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லப்பாகு. முன்னால் போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது.

கிழங்கு, முட்டை, காய் எல்லாம் எந்தக் குக்கரிலும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். முழு உருளைக்கு சிம்மில் ஏழு, ஹையில் பத்து. சேனை முரட்டு ரகமாக இருந்தால் இரண்டு கூட்டுங்கள்.

மேடும் பள்ளமும்

சில கையேடுகளில் உயரமான ஊர்களுக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லியிருக்கும். தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் அளவில்தான் இருக்கிறது, திருவாரூரும் நாகையும் அதைவிடத் தாழ்வு. நமக்கு இந்தக் கவலை இல்லை. பொதுவான கணக்கு, 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 5 சதவீத நேரம். பெங்களூர் 3,000 அடி. இருபது நிமிடத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால் தீர்ந்தது, பெங்களூர் மகளின் பருப்பு வேகாததற்கு உயரம் காரணம் இல்லை. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அங்கே கால் பங்கு நேரம் கூடுதலாக வேண்டும்.

எதை வாங்குவது

அஞ்சாறு பேர் உள்ள வீடு, காலையில் எட்டு மணிக்குள் சோறு, சாம்பார், பொரியல் மூன்றும் ஆக வேண்டும் என்றால் அடுப்புக் குக்கர்தான். ஏறி இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்து அரை மணிக்குள் முடியும். எலக்ட்ரிக்கில் அதே வேலைக்கு முக்கால் மணிக்கும் மேல். நிமிடக் கணக்கில் சிம்மில் வைத்தால் கேஸும் மிச்சம்.

பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு நான் எலக்ட்ரிக்கைச் சொல்வேன். அடுப்பை அணைத்தோமா என்ற பயம் இல்லை, காது சரியாகக் கேட்காவிட்டாலும் விசிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரம் முடிந்தால் தானே நின்று சூட்டோடு வைத்திருக்கும். ஆனால் ஆயிரம் வாட் அளவில் மின்சாரம் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அடுப்புக் குக்கரை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் குக்கரை நேரடியாக நம் பிளக்கில் மாட்டக் கூடாது. அது 120 வோல்ட்டுக்கு ஆனது, நம் வீட்டில் வருவது 230. மாட்டிய நொடியே போய்விடும். இந்தியாவில் விற்கும் மாடலை இங்கேயே வாங்கித் தரச் சொல்லுங்கள். அடுப்புக் குக்கர் வாங்கும்போது ஐ.எஸ். 2347 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்கட்டை அந்தந்தக் கம்பெனியுடையதாகவே போடுங்கள். தளர்ந்த கேஸ்கட்டில் ஓரமாக ஆவி கசியும், முழு அழுத்தம் வராது. மேலே சொன்ன ஒரு நிமிடமும் அந்தக் குக்கருக்குப் பொருந்தாது.